கண்டதை மட்டும் சொன்னா போதும்

போன வருஷம் ஆடிச் சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலை. தோவாளையில் நாகர்கோவில் போகிற டவுண் பஸ்ஸில் ஏறினேன். நாகர்கோவிலில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை எனக்கு. பூ மார்க்கெட் முடிந்து திரும்புகிறவர்கள், ஸ்கூல் பிள்ளைகள், என்னைப் போல வேலைக்குப் போகிறவர்கள் என்று அந்த நேரத்துப் பஸ்ஸில் மூச்சு விட இடமிருக்காது. மழைக்காக ஜன்னல் ஷட்டரையெல்லாம் வேறு இறக்கி விட்டிருந்தார்கள்.

எப்படியோ எனக்கு ஒரு சீட்டு கிடைத்தது. எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண் நின்றாள். ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ இருக்கும். அவளுக்குப் பின்னால் வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர். ஆளை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற இரும்புக் கடை முதலாளியின் தம்பி.

முதலில் நெரிசல் என்றுதான் நினைத்தேன். ஆனால் பஸ் நேராக ஓடும்போதும் அவர் அந்தப் பிள்ளை மேல் சாய்ந்தே நின்றார். அவள் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். அவள் முதுகிலிருந்த பையைக் கழற்றி இடுப்புக்குப் பக்கத்தில் தடுப்பு மாதிரி பிடித்துக்கொண்டாள். அவர் கை அந்தப் பையைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயிருந்தன.

நான் படிக்கிற காலத்தில் பஸ்ஸில் போகும்போது அம்மா ஒரு ஊக்கைக் கையில் தருவாள். எதற்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு என் பக்கத்தில் இழுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசனைதான் ஓடியதே தவிர கை எழும்பவில்லை.

அப்போது பின்னாலிருந்து கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அதே யூனிஃபார்மில் ஒரு பெரிய பெண் வந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறவளாம், பிறகுதான் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் அவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் புகுந்து நின்றாள். குனிந்து, “மக்கா, இந்த ஆளால உனக்குத் தொந்தரவா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். பிள்ளை ஆமென்று தலையை மட்டும் அசைத்தது.

பெரியவள் நிமிர்ந்தாள். “அண்ணே, பஸ்ஸை நிறுத்துங்க. இந்தப் பிள்ளைகிட்ட ஒரு ஆளு தப்பா நடந்திருக்காரு.”

டிரைவர் ஓரமாக நிறுத்தினார். அந்த மனுஷன் கத்தவில்லை, சிரித்தார். “கூட்டத்துல கை படாம எப்பிடி நிக்க? எந்த ஸ்கூலுட்டி நீ? உன் பேரென்ன?” என்று கேட்டார். முன்னாலிருந்த ஒரு பெரியம்மா, “பொம்பளப் புள்ள பேரு கெட்டுப் போவும், விட்டுருங்க” என்றார். கண்டக்டருக்கு நேரமாகிற கவலை. “தங்கச்சி, எறங்கினதும் ஸ்கூல்ல போயி சொல்லு” என்றார்.

“இல்ல அண்ணே. இவரு எறங்கிப் போயிட்டா பெறவு எங்க போயித் தேட? போற வழியிலதான ஸ்டேஷன் இருக்கு, அங்க கொண்டு நிறுத்துங்க.”

அவள் குரல் நடுங்கியது, எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அதற்குள் அவள் வகுப்புப் பெண் ஒருத்தி சின்னவளை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்க் கட்டிப் பிடித்தபடி நின்றாள். பையன்கள் இருவர் படிக்கட்டை மறித்து நின்றார்கள். யாரும் அவர்மேல் கை வைக்கவில்லை. யார் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே பேசி வைத்த மாதிரி இருந்தது.

அவர் சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்துவிட்டார்.

“இந்தா, இவங்கள கேளுங்க. இவங்க வீட்டுக்காரரு எங்க அண்ணன் கடையிலதான் நிக்காரு. நான் எப்பிடிப்பட்ட ஆளுன்னு இவங்க சொல்லட்டும்.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. என் வீட்டுக்காரரின் வேலை, மகளின் காலேஜ், நாளைக்குத் தெருவில் எப்படி நடப்பது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. அவர் கண் என்மேலேயே இருந்தது. அதில் கெஞ்சல் இல்லை.

பெரியவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். “அக்கா, ஆளு எப்பிடின்னு நீங்க சொல்லாண்டாம். நீங்க கண்டதை மட்டும் சொன்னா போதும். காணலைன்னா காணலைன்னே சொல்லுங்க.”

எழுந்து நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“கண்டேன். நெரிசல்ல பட்ட கை இல்ல அது.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. “ஸ்டேஷனுக்கு விடுடே” என்று பின்னாலிருந்து பூக்கூடைக்காரர் ஒருவர் சொன்னார். பஸ் கிளம்பியது.

அங்கே பெஞ்சில் காத்திருந்தபோதுதான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன், பயமாக இல்லையா என்று. “பயந்தான் அக்கா” என்றாள். அவர்கள் பள்ளியில் ஒரு டீச்சர் பெண்களையும் பையன்களையும் சேர்த்து உட்கார வைத்து உடம்பைப் பற்றியும், மாதவிடாய் பற்றியும், யார் எப்படித் தொடக் கூடாது என்பது பற்றியும், அதற்கான சட்டம் பற்றியும் வகுப்பு எடுக்கிறாராம். ஒருநாள் பெஞ்சுகளை பஸ் சீட்டு மாதிரி போட்டு நடித்தே பார்த்தார்களாம். “கண்டக்டரா நடிச்ச பையன் பஸ்ஸை நிறுத்தவே மாட்டேன்னுட்டான் அக்கா. அன்னைக்கு நாங்க தோத்துட்டோம். பெறவு உக்காந்து பேசினோம், ஒருத்தரு பிள்ளைகூட நிக்கணும், ஒருத்தரு பேசணும், ஒருத்தரு சாட்சி தேடணும்னு.”

விஷயம் தெரிந்து சின்னவளின் அம்மா ஓடி வந்து, புகார் எதுவும் வேண்டாம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அழுதார். யாரும் அவரை அதட்டவில்லை. பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்து, “நான் சொல்லுகேன்மா” என்றது. அன்று அதன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான். போலீஸ் உடுப்பு இல்லாமல், பிள்ளையின் வீட்டுக்கே வந்து ஒரு பெண் அதிகாரி வாக்குமூலம் எழுதிக்கொள்வார் என்று ஸ்டேஷனில் சொன்ன பிறகு அந்த அம்மா சம்மதித்தார்.

நான் சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்தால் மழையில் என் வீட்டுக்காரர் நிற்கிறார். முதலாளி போனில் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். “நீ கண்டியா?” என்று மட்டும் கேட்டார். கண்டேன் என்றேன். பிறகு, “வண்டில ஏறு” என்றார்.

அவருடைய இரும்புக் கடை வேலை போனது. பல மாதம் சிரமப்பட்டோம். இப்போது அஞ்சுகிராமத்தில் ஒரு கடையில் இருக்கிறார். சொந்தக்காரர்களில் சிலர் இன்றும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வழக்கு நடக்கிறது, கூப்பிட்டால் போய்ச் சொல்லத் தயாராக இருக்கிறேன். சின்னப் பிள்ளை ஒரு வாரத்திலேயே பள்ளிக்குத் திரும்பிவிட்டது.

அந்தப் பிள்ளைகள் அதோடு விடவில்லை. பெற்றோர்களையும் கூட்டிக்கொண்டு போய் கிராம சபையில் பேசினார்கள், கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். காலையில் பள்ளி நேரத்துக்கு இன்னொரு பஸ் இப்போது ஓடுகிறது. இந்த வகுப்பெல்லாம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று யாராவது பேசினால் நான் சண்டைக்குப் போவதில்லை, அந்தக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு இன்றும் பயம் உண்டு. ஆனால் குரல் நடுங்கினாலும் கண்டதைக் கண்டேன் என்று சொல்ல முடியும் என்பதை, என் மகளைவிடச் சின்னவளான ஒரு பெண் பக்கத்தில் நின்று எனக்குக் காட்டினாள்.