பிரதர் அன்ரன் கூப்பிட்ட பெயர்

லண்டனில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமலே பத்து வருடம் வாழ்ந்துவிடலாம். ஆனால் நகரக் கவுன்சிலிடம் ஒரு தோட்டத் துண்டை வாடகைக்கு எடுத்துவிட்டால், பக்கத்துத் துண்டுக்காரரின் தக்காளிக்கு என்ன நோய் என்பதுவரை தெரிந்துவிடும். இங்கே அதை அலொட்மென்ட் என்பார்கள். விம்பிள்டனிலிருந்து ட்ராமில் நாலைந்து தரிப்புத் தள்ளி எனக்கும் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் என் ஷிப்ட் முடிந்ததும் நேரே அங்கே போய்விடுவேன்.

போன ஆடி மாதம், தண்ணீர் வாளியோடு பின்னால் நகர்ந்தபோது பக்கத்துத் துண்டுக்காரர் கத்தினார். "கவனம், என் பாத்தி!" கத்தியது ஆங்கிலத்தில்தான். ஆனால் அந்தக் கடைசிச் சொல் மட்டும் தமிழ். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் பெயர் சிக்கோண்டி. மலாவி நாட்டவர், ஐம்பது வயதிருக்கும், பஸ் ஓட்டுகிறார். அதுவரை நாங்கள் காலநிலையைப் பற்றி மட்டும் பேசியவர்கள்.

"அந்தச் சொல் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"எந்தச் சொல்?"

"பாத்தி."

"ஏன், அது இங்கிலீஷ் இல்லையா?" என்றார். முகத்தில் உண்மையான திகைப்பு. "இங்கே ஒருவருக்கும் அது விளங்கவில்லை. என் உச்சரிப்புத்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் பிரதர் அன்ரன். மலாவியில் சிக்கோண்டியின் ஊரில் கத்தோலிக்கத் துறவறச் சகோதரர்கள் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. "அவர்கள் பாதர்மார் இல்லை, பூசை வைக்கமாட்டார்கள்" என்று சிக்கோண்டி எனக்கு விளங்கப்படுத்தினார். "படிப்பிப்பார்கள், தோட்டம் கொத்துவார்கள்." காலையில் கணக்கும் விஞ்ஞானமும், மத்தியானத்துக்குப் பிறகு மண்வெட்டி. மழைக்காலம் முடிந்தால் அந்த ஊரில் பச்சை என்பதே இருக்காதாம். இலங்கையிலிருந்து வந்த இந்த ஒல்லி மனிதர் பையன்களோடு சேர்ந்து கிணறு வெட்டினார். வாய்க்கால் இழுத்து, பாத்தி கட்டி, கோடையில் வெங்காயமும் தக்காளியும் விளைவித்துக் காட்டினார். இன்று ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். பிரதர் ஒரு நாளும் இலங்கைக்குத் திரும்பிப் போகவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கோ ஆபிரிக்காவில் எங்கள் யாழ்ப்பாணத்துப் பாத்தி! வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது என் கணவரும் சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை சிக்கோண்டி ஒரு வேண்டுகோளோடு வந்தார். பிரதருக்குப் போன வருடம் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆங்கிலமும் அந்த நாட்டு மொழியும் அடியோடு போய்விட்டன. பிறந்த மொழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே அது யாருக்கும் தெரியாது.

"ஒவ்வொரு பின்னேரமும் அவர் ஒரே செபத்தைச் சொல்கிறார். மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று ஆமென் சொல்வார்கள். நீங்கள் அதை ஆங்கிலத்தில் எழுதித் தரமுடியுமா? அவருடைய காலத்துக்குப் பிறகு கல்லறையில் பொறிக்க விரும்புகிறோம்."

தன் போனில் இருந்த ஒலிப்பதிவைப் போட்டார். முதலில் கட்டில் கிறீச்சிடும் சத்தம். பிறகு நைந்துபோன ஒரு கிழவரின் குரல்.

"ராணி, வெளியிலை வா. ஷெல்லடி நிண்டிட்டுது. அண்ணை நிக்கிறன். பயப்பிடாமல் வெளியிலை வா, ராணி."

அதைத் தொடர்ந்து முப்பது நாற்பது இளங்குரல்கள், பக்தியோடு, ஒரே சுருதியில்: "ஆமென்."

வெங்காயத் தாள்மேலேயே குந்திவிட்டேன்.

போர்க்காலத்தில், எனக்குப் பத்து வயதில், இதே வார்த்தைகளால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பின்வளவில் பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய பங்கர், பதுங்குகுழி, இருந்தது. ஒரு நாள் ஷெல்லடி, பீரங்கிக் குண்டு விழுவது, ஓய்ந்ததும் மாமா வாசலில் நின்று "வெளியிலை வா பிள்ளை" என்றார். நான் வந்தேன். எதிர் வளவுப் பங்கரின் கூரை உள்ளே இறங்கியிருந்தது. மூன்று ஆண்கள் மண்ணைக் கொத்திக்கொண்டே ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் வரவில்லை. அம்மா என் காதைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனா. அது பிரதர் அன்ரனின் வளவல்ல. அவருடைய கிராமம் எதுவென்றே எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நல்லதொரு செப வரி எழுதிக்கொடுத்தால் எல்லோருக்கும் நிம்மதி. முடியவில்லை. "இது செபம் இல்லை" என்று சொல்லி, ஒவ்வொரு சொல்லாக விளக்கினேன்.

சிக்கோண்டி தலையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி இருந்ததாகக்கூட அவர் சொன்னதில்லை" என்றார். பிறகு, "நாங்கள் ஆமென் சொன்னோம். ஒரு வருடமாக அந்த மனிதர் கூப்பிடக் கூப்பிட, நாங்கள் ஆமென் சொன்னோம்."

ஒரு கிழமை அவர் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. வந்தபோது, அங்குள்ள சகோதரர்கள் கேட்டனுப்பிய கேள்வியைக் கொண்டுவந்தார். யாராவது தமிழில், ராணியாக, அவருக்குப் பதில் சொல்லமுடியுமா?

வீட்டில் என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "செத்த பிள்ளையின்ரை பேரிலை பேசுறது பாவம் இல்லையே? உமக்கேன் இந்த வேலை?"

"அந்த மனிசன் ஒவ்வொரு நாளும் கூப்பிடுதப்பா. கேட்டிட்டுப் பேசாமல் இருக்கிறதோ?"

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் தானே என்னைக் காரில் தோட்டத்தடிக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

சிக்கோண்டி வீடியோ அழைப்பு எடுத்தார். சுண்ணாம்பு பூசிய அறை, இரும்புக் கட்டில், தலையணையில் சுருங்கிய கறுத்த முகம். பக்கத்தில் வெள்ளை அங்கியுடன் ஒரு மலாவிச் சகோதரர் போனைப் பிடித்திருந்தார். கிழவர் கண்ணை மூடியபடி தொடங்கினார்: "ராணி, வெளியிலை வா..."

"வந்திட்டன் அண்ணை" என்றேன்.

அவர் நிறுத்திவிட்டார். கண் திறந்தது. சிக்கோண்டி என் தோளை இறுகப் பிடித்தார்.

"உள்ளுக்கை இன்னும் ஆரும் இருக்கினமோ?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர் வளவு என் கண்முன்னே வந்து நின்றது. "இல்லை அண்ணை" என்றேன். "எல்லாரும் வெளியிலை வந்திட்டம்."

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தாலும், சிரிக்கிறார் என்று எனக்குப் பட்டது. அன்று பின்னேரம் அவர் கூப்பிடவேயில்லையாம். மறுநாள் மறந்துபோய் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். ஆகவே இப்போது ஒவ்வொரு ஞாயிறும் நான் ராணி. மற்ற நாட்களுக்கு என் குரலை ஒலிப்பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன்.

போன கிழமை அவர் புதிதாக ஒன்று கேட்டார். "மழை வருதே, ராணி?"

மலாவியில் இது வறண்ட காலம். அறை யன்னலில் செம்மண் தூசி பறந்தது. எனக்கு மேலே லண்டன் வானம் ஒரு மேகமில்லாமல் நீலமாக இருந்தது. அவர் எந்த ஊர் மழையைக் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அந்த ஊரில் இல்லை.

"ஓம் அண்ணை" என்றேன். "வடக்காலை இருட்டிக்கொண்டு வருது."