ஹுன்னஸ்கிரியவுக்குத் தராசோடு போனேன்

ஹுன்னஸ்கிரியப் பக்கம் மழையில் போஞ்சிக் கொடி காயோடு முழுக்க அழுகி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. விவசாயிகள் கைச்செலவுக்கு வழியில்லாமல் வீட்டில் இருக்கும் காய்ந்த மிளகை அரை விலைக்குத் தள்ளிவிடுவார்கள், போய் அள்ளலாம் என்றுதான் கிளம்பினேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, என் வியாபாரம் வளர்ந்ததே அப்படித்தான்.

போன செவ்வாய் காலை ஐந்தரைக்கு அக்குறணையில் லொறியை எடுத்தேன். மடவளையில் பராட்டாவும் பிளேன்டீயும் முந்நூறு ரூபாய். திகன, தெல்தெனிய தாண்டினால் ஏற்றம்தான். நாற்பத்துமூன்று கிலோமீற்றருக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது.

தோட்டங்களில் ஆளில்லை. எல்லாரும் பிரதேச சபை மண்டபத்தில் நின்றார்கள். போஞ்சி அழிந்ததும் சபை மண்டபத்தின் பின்காணியையும் விதையையும் கொடுக்க, விவசாயிகள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கறிமிளகாய் நாற்று வளர்த்திருக்கிறார்கள். விடியற்காலையில் பிடுங்கிய நாற்று ஈரச் சாக்கில் கிடந்தது. அன்றே நடாவிட்டால் வாடிவிடும். அடுத்த போகமும் கையை விட்டுப் போகும். சபை டிராக்டரோ முதல் நாளே அச்சு முறிந்து வாசலில் நின்றது.

சபை உத்தியோகத்தர் ஓடி வந்தார். "நேத்து போன்ல லொறி கராஜிலன்னு சொன்னீங்களே ஹாஜியார்! எப்படியோ சரி பண்ணிக்கிட்டு வந்துட்டீங்க."

லொறி கராஜில் இருக்கவே இல்லை. உதவி கேட்டவரிடம், எதற்கென்றுகூடக் கேட்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லிப் போனை வைத்திருந்தேன். இப்போது "ம்" என்றேன். அதற்குள் நாற்றை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

தோட்டங்களுக்கு நாலு நடை போனோம். கடைசி நாற்றை இறக்கும்போது பின்னேரம் மூன்று மணி. எனக்கு வருடாவருடம் மிளகு தரும் செல்வி, லொறி மூலையில் தொங்கிய தராசைக் காட்டிச் சிரித்தார்.

"ஒதவிக்கு வர்றவங்க தராசு கொண்டு வருவாங்களா மொதலாளி?"

"தெரிஞ்சுமா காலையில இருந்து சும்மா இருந்தீங்க?"

"எல்லாருக்கும்தான் தெரியும். சொன்னா ரோசத்துல லொறியத் திருப்பிடுவீங்க. நாத்து வாடிருமே!"

எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மிளகு என்ற பேச்சையே எடுக்காமல் வண்டியைக் கிளப்பினேன்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் தெல்தெனியவிலேயே டீசல் அடித்துக்கொள்ளுங்கள்; போய்வர எனக்கு நாலாயிரம் ரூபாய்க்குப் பிடித்தது. மழைக் காலத்தில் நாலு மணிக்கு முன் இறங்கிவிடுங்கள், பனி மூடினால் வளைவு தெரியாது. விளைச்சல் அழிந்த ஊருக்குப் போகிறீர்கள் என்றால் தராசைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். என்னுடையது வளைவுக்கு வளைவு தகரத்தில் மோதிச் சத்தம் போட்டபடியே அக்குறணை வரை வந்தது.