அழகிக்கு வந்த கோடி

எங்க அன்னவாசல் வீரய்யாவை வேலைவெட்டி இல்லாதவன்னு ஊரே பேசும். நான் பேச மாட்டேன். மாட்டுச்சந்தை, கண்மாய் உடைப்பு, விராலிமலைத் தேர்னு ஓடி ஓடிப் பார்த்து, திருச்சிப் பத்திரிகைக்கு எழுதிப் போடுவான். அச்சுல ‘நமது அன்னவாசல் நிருபர் வீரய்யா’ன்னு வரும். அதுக்காகச் சோறு தண்ணி மறந்து திரிஞ்ச மனுசன். நாவல் எழுதுனது ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் இந்த லெட்சணத்துல முடிஞ்சுது.

அவன் பொண்டாட்டி அழகிக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணன் ராக்கன் கந்தர்வக்கோட்டையில முந்திரிக்கொல்லைக்காரன். ‘பேப்பருக்கு எழுதுறவன் வீட்டுல ஒலை கொதிக்குமா?’ன்னு கல்யாணத்தன்னைக்கே முறிச்சுக்கிட்டுப் போனவன்தான். பொங்கச் சீர் கிடையாது. பிள்ளைக்குக் காது குத்தையில தாய்மாமன் மடி இல்லை. அழகி ரோசக்காரி, கூப்பிடவும் மாட்டா. ஆனா அந்தப் பக்கத்து ஆளு யாரைப் பார்த்தாலும் ‘எங்கண்ணன் நல்லா இருக்கா?’ன்னு கேட்காம விட மாட்டா, பாவம்.

யுத்த சமயத்துல பத்திரிகைக்காரங்க வீரய்யாகிட்டத் தொடர்கதை கேட்டாங்க. இவனுக்குத் தலைகால் புரியலை. கற்பனைக்கு எங்கிட்டுப் போவான்? ‘நான்’னு ஆரம்பிச்சு, நாயகிக்குப் பொண்டாட்டி பேரு, ஊருக்கு நம்ம ஊரு பேருன்னு எழுதித் தள்ளிட்டான். கடைசியில அழகி காய்ச்சல்ல செத்துப் போறா. ‘பிறந்த வீட்டுக் கோடித் துணிக்காக அவள் உடல் காத்துக் கிடக்கிறது’ன்னு முடிச்சிருந்தான்.

கந்தர்வக்கோட்டைச் சவரக்கடையில ஒருத்தன் இதைச் சத்தமா வாசிச்சிருக்கான். எழுதுனது நிருபர், அப்ப இது செய்திதானேன்னு கடையே நம்பிருச்சு. எழுத்து வாசனை இல்லாத ராக்கன் பாதிச் சவரத்தோட எந்திரிச்சு ஓடியிருக்கான்.

கோடிச் சேலை எடுத்து, பங்காளி வீட்டுப் பொம்பளைகளைக் கூட்டிக்கிட்டு, பெட்ரோல் பஞ்சத்துல கரி போட்டு ஓட்டுன பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டான். தெருமுனையில ஒப்பாரி. யார் வீட்டு எழவோன்னு அடுப்பை அப்படியே போட்டுட்டு ஓடுன அழகியும் மாரடிச்சுக்கிட்டுக் கூட்டத்துல கலந்துட்டா. கிட்டப் போனா, பாதி மொகத்துல தாடியோட அண்ணன் நிக்கிறான்.

‘கோடி யாருக்குண்ணே?’ன்னா.

பொம்பளைக பேயைக் கண்ட மாதிரி ஒதுங்குனாங்க. நான்தான் வீரய்யாவைப் பிடிச்சு உலுக்கி, அது கதைன்னு சொல்ல வச்சேன். அடி விழுகும்னு நெனைச்சேன், விழுகலை.

சாவுக்கு எடுத்த கோடியைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. அதை எங்கிட்டு வைக்கிறதுன்னு தெரியாம ராக்கன் முழிச்சான். அழகி வெடுக்குனு பிடுங்கிட்டு உள்ள போனா. சேலை மூலையில மஞ்சளைத் தடவி, அதையே கட்டிக்கிட்டு வந்து நின்னா.

“செத்தாத்தான் வருவியாண்ணே?”

ராக்கன் பொலபொலன்னு அழுதுட்டான்.

“வரணும்னு நெனைக்காத நாளில்லை தாயி. வந்தா வெரட்டிருவியோன்னு பயம். செத்தவ வெரட்ட மாட்டாளேன்னுதான் வந்தேன்.”