மாவுக்கட்டின் மேல் ஒரு ரத்தக் கறை

எண்பதுகளின் தொடக்கம். போடிக்கு மேற்கே, குரங்கணி மலைச்சரிவில் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். மழையில் வழுக்கி விழுந்து முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டைப் பிரித்ததும் பழையபடி மலை ஏறலாம் என்றார் டாக்டர். எனக்கு அது போதும். ஏறி இறங்க முடியாதவனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை?

குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று, காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டிய அறையில் படுத்துக் கிடந்தேன். அறுவடைக் காலம். சுவருக்கு அந்தப் பக்கம் எந்நேரமும் ஏலக்காய் காய்ந்துகொண்டிருக்கும். வேறு எந்த வாசனையும் என் மூக்கில் ஏறாது.

ஒருநாள் கட்டின் மேல் சிவப்பாக ஒரு கறை. மழைக்காலத்தில் ரத்தத்தைப் பார்த்தால் எங்களுக்கு அட்டை ஞாபகம்தான் வரும்.

"அட்டை உள்ள பூந்துருச்சுண்ணே, அதுக்கும் ஒங்க மேல ஆசை" என்று காய் பறிக்கும் பெண்கள் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அட்டை விழட்டும் என்று என் மனைவி புகையிலைத் தண்ணீரைக் கட்டின் விளிம்பில் ஊற்றிவிட்டாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. விடவே இல்லை. போடியில் மருந்து வாங்கலாம் என்று இருவரும் ஜீப்பில் மலையிறங்கினோம். ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. தோட்டத்தில் இருந்த மகளைப் பார்த்துவிட்டுத் தன் ஊரான தேவாரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மாதான், முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி என் பக்கம் குனிந்தார்.

"அப்பு, கோவிச்சுக்காத. ஒங் காலு உள்ளுக்குள்ள அழுகுது. போடியில நிக்காத, வெரசா மதுரைக்குப் போ."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவரோ எங்களை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் தன் பஸ்ஸைத் தேடிப் போனார்.

மதுரையில் கட்டைப் பிரித்தபோதுதான் அந்த நாற்றம் எனக்கே தெரிந்தது. உள்ளே முழுக்கச் சீழ். தைத்து வைத்த ஜவ்வையே வெட்டி எடுத்தார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள், முழங்கால் அதன்பின் மடங்கவே இல்லை. தோட்ட வேலையும் அதோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் என் மனைவி உடைந்து அழுதாள். "எனக்கு முன்னாடியே நாத்தம் தெரிஞ்சுச்சுங்க. சொன்னா ஒங்க மனசு நோகுமேன்னு பேசாம இருந்துட்டேன்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் மனம் நோகக் கூடாது என்று பார்த்தவர்கள் எல்லாம் என் மேல் பிரியம் உள்ளவர்கள்தான். ஆனால் விறைத்துப்போயும் இன்றுவரை என்னைத் தாங்கி நிற்கும் இந்தக் கால், முகத்துக்கு நேரே சொல்லி என்னை நோகடித்த, பேர்கூடத் தெரியாத அந்த அம்மா கொடுத்தது.