பாலும் முட்டையும்

மெரிலேண்ட்ஸில் அரியரத்தினத்தாரைத் தெரியாத தமிழர் அந்த நாட்களில் இல்லை. இருந்ததே விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான் என்பது வேறு விஷயம். சிட்னியில் அப்போது கோயில் கிடையாது. யார் வீட்டில் பூசை நடந்தாலும் தேவாரம் பாட அவரைத்தான் கூப்பிடுவார்கள். சுத்த சைவம். தொழிற்சாலையில் படவரைஞர் வேலை. மதியம் மற்றவர்கள் இறைச்சி வைத்த பாண் ரொட்டியைக் கடிக்கும்போது இவர் ஒரு மூலையில் தயிர்ச்சோற்றைத் திறப்பார். புழுவைக்கூட மிதிக்காத மனுஷன் என்று பெண்கள் மெச்சுவார்கள். அந்த மெச்சலில் மனுஷனுக்குக் கொஞ்சம் ருசியும் உண்டு.

அவர் குடியிருந்த வீட்டின் மறுபாதியில் கெவின் என்ற தச்சன் இருந்தான். புயல் அழித்துப்போட்ட டார்வின் நகரத்தைத் திரும்பக் கட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று 1975இல் அவன் புறப்பட்டபோது, தன் வளர்ப்புப் பாம்பை இவரிடம் ஒப்படைத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மலைப்பாம்பு. யாழ்ப்பாணத்தில் வெங்கிணாந்தி என்பார்களே, அந்த இனம். முடியாது என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. வந்த புதிதில், குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவருக்குக் கம்பளி கொடுத்தவன் கெவின்.

பாம்போடு ஒரு பெட்டி வெள்ளெலிகளும் வந்தன. கெவின் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். எலியை உயிரோடு பாம்புப் பெட்டிக்குள் விட வேண்டும். விழுங்கி முடியும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எலி பாம்பைக் கடித்துவிடும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், எலி வாசம் இருந்தால் பாம்பு கையையும் இரை என்று நினைக்கும். வயிற்று வீக்கம் வற்றும்வரை அதைத் தூக்கவே கூடாது. தூக்கினால் கக்கிவிடும்.

கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டு ஓடவும் வழியில்லை. நின்று பார்த்தார். எலி ஒருதரம் கீச்சிட்டு அடங்கும். கை கழுவி, தலை முழுகி, திருநீறு பூசிக்கொண்ட பிறகும் அந்தக் கீச்சொலி காதிலேயே நிற்கும். கொலைகாரன் என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வார். ஆனால் ஊருக்குச் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை.

கூட வேலை செய்த சிவபாலன் ஒருநாள் பாம்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு வீட்டில் சொல்லிவிட்டான். அன்றே அவன் மனைவி யோகா டெலிபோன் எடுத்தாள். இரண்டு தரம் கருத் தரித்துக் கலைந்தவள். நாகதோஷம் இருக்கிறது என்று சாதகம் பார்த்தவர் சொல்லியிருந்தார். நாகதோஷம் தீர்க்கும் நயினாதீவு அம்மனிடம் ஊருக்குப் போகக் காசும் லீவும் இல்லை.

"அண்ணை, அது என்ன சாப்பிடுறது?"

"பாலும் முட்டையும்தான், தங்கச்சி."

பொய் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதைத் திருத்தவும் அவர் மெனக்கெடவில்லை.

அடுத்த வெள்ளி மாலை சொல்லாமல் கொள்ளாமல் இருவரும் வந்து நின்றார்கள். யோகா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு செம்புப் பால். முதல் நாள்தான் பாம்புக்கு இரை போட்டிருந்தார். நடுவயிறு புடைத்துக் கிடந்தது. அதைக் கண்டதும் யோகாவின் கண் கலங்கியது.

"அண்ணை, இது பிள்ளைத்தாச்சியெல்லே!"

அரியரத்தினத்தார் எலி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

"ஒருக்கா என்ர மடியில வையுங்கோ அண்ணை. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கெவின் சொன்னது மண்டைக்குள் அடித்தது. ஆனால் பாலும் முட்டையும் சாப்பிடுகிற பாம்பை ஏன் தூக்கக் கூடாது என்று எப்படிச் சொல்வது? தூக்கினார். கதிரையில் உட்கார்ந்திருந்தவளின் மடியில் வைத்தார். பாம்பு ஒருதரம் நெளிந்தது. வாய் அகன்றது. நனைந்து நீண்டுபோன வெள்ளை எலி பட்டுச்சேலையில் வந்து விழுந்தது.

யோகா கத்தவில்லை.

"அம்மாளாச்சி காட்டிப்போட்டா," என்றாள். "என்ர மடியில ஒண்டும் தங்காது."

சிவபாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அரியரத்தினத்தார் பாம்பை மெல்ல எடுத்துப் பெட்டிக்குள் விட்டு மூடினார். தன் நல்ல பேருக்காக ஒரு பெண்ணின் வயிற்றில் அடித்துவிட்டோம் என்று நெஞ்சு எரிந்தது.

"தங்கச்சி, பிழை என்னில. நேற்று நான்தான் எலி போட்டனான். உயிரோட. தின்ற பாம்பைத் தூக்கினால் கக்கும். தெரிஞ்சுகொண்டுதான் தூக்கினனான்."

யோகா அழுதுகொண்டே சிரித்தாள்.

"என்னைத் தேத்திறதுக்காகப் பொய் சொல்லாதேங்கோ அண்ணை. நீங்கள் ஒரு உயிரைக் கொல்லுற ஆளே? எங்கயோ ஓடித்திரிஞ்ச எலியை அது பிடிச்சிருக்கும். அம்மாளாச்சிதான் அனுப்பியிருப்பா."

அவர் எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. இத்தனை நாள் அவர் ருசித்த மெச்சல் இப்போது வழியை மறித்துக்கொண்டு நின்றது. கடைசியில் உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போய், பழைய சாரத் துணியால் மூடி ஒளித்து வைத்திருந்த எலிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். மூடியைத் திறந்தார்.

"இவ்வளவும் அதுக்குத்தான். கிழமைக்கு ஒண்டு போடுறனான். சாகும்வரை பக்கத்தில நிண்டு பாக்கிறனான்."

வெள்ளெலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூக்கைத் தூக்கிப் பார்த்தன. யோகா அவற்றைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"அப்ப, அம்மாளாச்சிக்கு என்னில கோவமில்லையோ?"

"உம்மில என்னத்துக்கு? கோவமெண்டால் என்னிலதான்."

யோகா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். செம்பை எடுத்து, கொண்டுவந்த பாலை எலிகளின் தண்ணீர்க் கிண்ணத்தில் ஊற்றினாள். அவை ஓடிவந்து குடித்தன. பாம்பு விழுங்குவதையெல்லாம் நின்று பார்த்த மனுஷனால், இரையாகப் போகிறவை பால் குடிப்பதைப் பார்க்க முடியவில்லை.