சத்தம் போடாத டப்பா

எங்கள் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்து ஃப்ரீசரில், மருந்துக் குப்பிகளுக்கு நடுவே ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருக்கும். உள்ளே உறைந்த தண்ணீர்; அதன்மேல் எலிக்கூண்டிலிருந்து கழன்ற ஒரு திருகாணி. வைத்தவர் எலிகளைப் பார்த்துக்கொண்ட அக்கா. தினமும் காலையில் டப்பாவைக் காதோரம் ஆட்டுவார். கிலுக்கென்று சத்தம் வந்தால் கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். பனிக்கட்டி உருகியிருந்தால் ஆணி அடியில் மூழ்கி, கரண்ட் வந்ததும் அங்கேயே உறைந்துவிடும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவது எங்கள் மலையில் சகஜம். "இது சத்தம் போட்டாத்தான் நம்ம சோலி ஓடும் சார்" என்பார்.

அப்போது நான் ஒரு கெமோகைன் புரதத்தை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எலியின் உடம்பில், காயம் பட்ட இடத்துக்கு வெள்ளணுக்களைக் கூப்பிடுகிற புரதம் அது. எலியின் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து உண்டாக்கி, பொடியாக அனுப்புவார்கள். கரைத்துப் பங்கிட்டு உறையவைத்த பிறகு, ஊசி போடும் நாள்வரை உருகக் கூடாது. உருகி மறுபடி உறைந்தால் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். கூப்பிடும் சக்தி மட்டும் போய்விடும்.

காற்றடித்த ஒரு ஞாயிற்றுக்கு மறுநாள், எல்லோருக்கும் முன்னால் போய் டப்பாவை ஆட்டினேன். சத்தமே இல்லை. ஆணி அடியில் கிடந்தது. அன்றைக்கு ஊசி போடாவிட்டால் எலிகளுக்கு வயது கடந்துவிடும். புதுக் குப்பி வர இரண்டு மாதமாகும். டப்பாவைக் குழாயில் காட்டி, பனிக்கட்டியைத் தட்டி எடுத்து, தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். ஆணி மேலே வந்துவிட்டது. பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு எனக்கு.

அக்கா வந்து ஆட்டினார். உள்ளே பார்த்தார். மறுபடி ஆட்டினார்.

"மேலதான் கெடக்கு. ஆட மாட்டேங்குதே சார்?"

"குளிர் ஜாஸ்திக்கா. ஒட்டிருக்கும்."

என் முகத்தையே பார்த்தார். "நீங்க சொன்னாச் சரிங்க."

ஊசி போட்ட எலி ஒன்றில்கூட வெள்ளணுக்கள் வந்து சேரவில்லை. கூண்டுகளை மாற்றி வைத்திருப்பார் என்று தலைமை ஆய்வாளர் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். "கூண்டு மாறலைங்க. அன்னைக்கு டப்பா சத்தம் போடலைங்க. சாருக்குத் தெரியும்" என்றார் அக்கா.

"என்னய்யா டப்பா?" என்று தலைமை ஆய்வாளர் என்னைக் கேட்டார்.

"தெரியலைங்க சார்" என்றேன்.

அக்கா வீட்டில் மூன்று பேருக்கும் அந்தச் சம்பளம்தான். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. மலைக்கிராமமான பூண்டியில் கேரட் கழுவப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, இன்றுவரை.

இப்போது நான்தான் இங்கே தலைமை. அந்த டப்பாவை மட்டும் மாற்றவிடவில்லை. எலிகளைப் பார்க்க வந்திருக்கும் புது அம்மாவுக்கும் நானே அதை ஆட்டிக் காட்டினேன். ஃப்ரீசரில் மறுபடியும் அதே புரதம், இன்றைக்குத்தான் ஊசி. நேற்று முழுக்கக் காற்று. காலையில் டப்பாவை ஆட்டினேன். சத்தம் இல்லை.

"சார், ஆணி ஆடுதாங்க?" என்று பின்னாலிருந்து அந்த அம்மா கேட்டார்.

டப்பாவோடு என் அறைக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் வெளியே காத்து நிற்கிறார். மேசைமேல் பனிக்கட்டி உருக ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆணி ஆடும்.