கிழக்கே சரித்த கேரவன்

புத்தம் புதிய கேரவன் ஒன்றின் தரையில் ஒரு லிட்டர் பாலை ஓடவிட்டவன் நான். அலுவலக நேரத்தில், கம்பெனிச் சட்டையில், பெயர் அட்டையைக் குத்திக்கொண்டு செய்தேன். பால் சரியான திசையில் ஓட வேண்டும் என்பதற்காக வண்டியைச் சரித்தும் கொடுத்தேன். இயந்திரப் பொறியியல் படித்தவன் என்பதால் அந்தச் சரிக்கிற வேலையைக் கொஞ்சம் பெருமையோடு செய்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மெல்பனுக்கு மேற்கே ட்ருகனினாவில் ஒரு கேரவன் யார்டில் பதினொரு வருடமாக வாரண்டிப் பிரிவில் இருக்கிறேன். கேரவன் என்றால் நடிகர்கள் மேக்கப் போடும் வண்டி என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே அது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு, என்ஜின் மட்டும் கிடையாது. புகார் வந்தால் வண்டியைப் பார்த்து, படமெடுத்து, தயாரிக்கும் கம்பெனிக்கு கிளெய்ம் அனுப்புவது என் வேலை. புது வண்டி ஒப்படைக்கும் நாளில், அதாவது ஹேண்டோவரில், கேஸ் எங்கே திறப்பது, கழிவுத் தொட்டியை எப்படிக் காலி செய்வது என்று இரண்டு மணி நேரம் வகுப்பெடுப்பதும் நான்தான். இன்றுவரை ஒரு இரவுகூட நான் கேரவனில் தூங்கியதில்லை. கேட்பவர்களிடம் முதுகுவலி என்று சொல்லிவிடுவேன்.

இந்தத் துறைக்கு இப்போது நம்மவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

1. ஜாக்கி வீல், நாலு சுற்று

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வண்டி வாங்கியவர்கள் கிளென் வேவர்லியிலிருந்து வந்த சிவராசா அண்ணாவும் அவர் மனைவி ராணி அக்காவும். யாழ்ப்பாணக்காரர்கள். அண்ணா டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அக்கா நர்ஸ். ஒரே ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துச் சேர்த்த லாங் சர்வீஸ் லீவ், மூன்று மாதம், ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை தொடங்குகிறது. அன்று காலையே கிளம்பி, அடிலெய்ட் வழியாக வடக்கே டார்வின் வரை போவதாகத் திட்டம். அந்த லீவை இனித் தள்ளிப்போட முடியாது என்று அக்கா சொன்னார். ஏற்கெனவே மூன்று முறை தள்ளிப்போட்டாயிற்றாம்.

அடுப்பைப் பற்றவைத்துக் காட்டப்போனேன். அண்ணா பையிலிருந்து ஒரு சட்டியும் பால் கேனும் எடுத்தார்.

"தம்பி, முதல் அடுப்பு. பாலோட பத்த வைப்பம்."

"இஞ்சருங்கோ, இது வீடில்லை. வண்டி" என்றார் அக்கா.

"மூண்டு மாசம் இருக்கப்போறம். வீடுதான்." அண்ணா என் பக்கம் திரும்பினார். "தம்பி, எது கிழக்கு?"

வண்டியின் முன்பக்கம் கிழக்கைப் பார்த்து நின்றது. முன்பக்கம் கட்டில், நடுவில் அடுப்பு, கடைசியில் குளியலறை.

"பொங்கேக்க கிழக்கால வழிஞ்சா நல்லது" என்றார் அண்ணா. "அது எங்கட கையில இல்லை."

இங்கேதான் நான் தலையிட்டேன். கேரவனின் மூக்கில் ஜாக்கி வீல் என்று ஒன்று உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் முன்பக்கம் ஏறும், இறங்கும். "நம்ம கைல இருக்குண்ணா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நாலு சுற்று இறக்கினேன். வண்டி மரியாதையாகக் கிழக்கே குனிந்தது.

பாலும் ஏமாற்றவில்லை. கிழக்கே பொங்கி, கிழக்கே வழிந்து, பெஞ்சிலிருந்து தரைக்கு இறங்கி, கட்டிலுக்கு அடியில் போய் மறைந்தது. அண்ணாவுக்குக் கண் கலங்கியது. ராணி அக்கா துணியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டார். நான் வெளியே போய் நாலு சுற்று ஏற்றினேன்.

2. வீக்கம்

ஜூன் கடைசியில் அண்ணா போன் செய்தார். குரல் ரகசியமாக இருந்தது.

"தம்பி, நிலம் வீங்கியிருக்கு."

கேரவன் தரை என்பது பிளைவுட் பலகைமேல் பசை தடவி ஒட்டிய வினைல் ஷீட். அடியில் ஈரம் புகுந்தால் உப்பும். இது எனக்குத் தெரியும். கிளெய்ம் ஃபார்மில் ஒன்பதாவது கேள்வியும் தெரியும்: "தரையில் திரவம் ஏதேனும் சிந்தியதா?" ஆம் என்றால் வாரண்டி செல்லாது. பதிலுக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியவன் நான். சிந்தவைத்தவனும் நான்.

"பால்தானே தம்பி?" என்றார் அண்ணா.

"பால்தாண்ணா."

"ராணிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவ அண்டைக்கே வேண்டாம் எண்டவ."

"எங்க மேனேஜருக்கும் சொல்லாதீங்கண்ணா."

இப்படியாக அந்தத் தரையை நான் பார்க்காமலே, இரண்டு நிமிடப் போன் பேச்சில், இரண்டு பேரும் சேர்ந்து பாலைக் குற்றவாளி ஆக்கினோம். சர்வீஸ் செய்ய வேண்டும் என்று அக்காவிடம் பொய் சொல்லி அண்ணா வண்டியை யார்டில் கொண்டுவந்து விட்டார்.

3. பொன்னி அரிசி, பத்து கிலோ, நாலு

குளியலறை வாசலில் மூன்று வீக்கம். ஒன்று தோசை அளவு. மிதித்தால் அது அமுங்கி, பக்கத்தில் இன்னொன்று எழும்.

முறைப்படி நான் செய்திருக்க வேண்டியது: ஈரம் காட்டும் மீட்டரை வைத்து ரீடிங் எடுப்பது. எடுத்தால் எழுத வேண்டும். எழுதினால் மாட்டிக்கொள்வோம். எனவே எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஹீட் கன்னால் சூடுகாட்டி, ரோலரால் தேய்த்தேன். சூட்டுக்கு வீக்கம் பெரிதாகியது. அடுத்து இந்தியக் கடைக்குப் போய்ப் பத்து கிலோ பொன்னி அரிசி மூட்டை நாலு வாங்கிவந்து அதன்மேல் அடுக்கினேன்.

என் மேனேஜர் கிரெய்க் ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் பேச்சைத் தமிழில் தருகிறேன். கெட்ட வார்த்தைகளை நீக்கியிருப்பதால் பாதி நீளம்தான் இருக்கும்.

"என்னய்யா இது, அரிசி?"

"வெயிட் டெஸ்ட்."

"யாரு கேட்டா?"

"கஸ்டமர் அரிசியோட டூர் போறாங்க."

கிரெய்க் யோசித்துவிட்டு, "நல்ல சர்வீஸ்" என்று சொல்லிப் போனார். பதினொரு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

மூன்று வாரம் போயிற்று. தினமும் மாலையில் அண்ணா போன் செய்வார். "வடிஞ்சுதோ?" "இல்லண்ணா." இதற்கிடையே தயாரிக்கும் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பில் ஃப்ளோர், அதாவது தரை, என்ற சொல்லைப் பார்த்ததும் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். பிறகு படிக்கலாம் என்று ஒரு ஃபோல்டருக்குள் தள்ளினேன்.

4. நர்ஸ் வந்து பார்த்தார்

லீவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ராணி அக்கா யார்டுக்கு வந்துவிட்டார். அண்ணா பின்னால், இரண்டு அடி தள்ளி நின்றார்.

"என்ன சர்வீஸ் தம்பி மூண்டு கிழமையா? நான் சாமான் அடுக்க வேண்டாமோ?" என்றபடி ஏறியவர் அரிசி மூட்டைகளைப் பார்த்து நின்றார். "உது ஆருக்கு?"

நான் அண்ணாவைப் பார்த்தேன். அண்ணா குளியலறைக் கண்ணாடியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பால், வீக்கம், ஒன்பதாவது கேள்வி, அரிசி. கிளெய்ம் போட்டால் நிராகரித்துவிடுவார்கள், என் வேலையும் போகலாம், போடாவிட்டால் இந்தத் தரையோடு டார்வின் போக முடியாது, குளியலறைத் தண்ணீர் இறங்கினால் பலகையே உளுத்துப்போகும் என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். வார்டில் மாத்திரையை ஒளித்து வைத்த நோயாளியை அப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"பால் எந்தப் பக்கம் ஓடினது?"

"முன்பக்கம்க்கா. கட்டிலுக்கு அடியில."

"ஓம். நான்தான் முழங்காலில நிண்டு துடைச்சனான். உங்கட வீக்கம் எங்க?"

"குளியலறை வாசல்ல."

"அது எந்தப் பக்கம்?"

"பின்பக்கம்."

"அண்டைக்கு வண்டியை எந்தப் பக்கம் பதிச்சனீங்கள்?"

நான் ஜன்னல் வழியாக ஜாக்கி வீல் இருந்த பக்கம் பார்த்தேன்.

"நீங்கள் இஞ்சினியர் எண்டெல்லோ இவர் சொன்னவர்?" என்றார் அக்கா. "பால் மேட்டில ஏறுமோ தம்பி?"

மீட்டரை எடுத்துவந்தேன். குளியலறை வாசலில் சுத்தமாக ஈரமில்லை. அடுப்படியிலும் இல்லை. அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். அண்ணா ஒரு மூட்டைக்குக் கைகொடுத்தார்.

அன்றைக்கே கிளெய்ம் எழுதினேன். ஒன்பதாவது கேள்விக்கு ஆம் என்று குறித்து, சிந்தியது பால், அளவு ஒரு லிட்டர், திசை கிழக்கு, சரித்தது நான் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம் சேர்த்து அனுப்பினேன். வேலை போனால் போகட்டும் என்று மேசை டிராயரைக்கூடக் காலி செய்து வைத்தேன். மறுநாள் இரண்டு வரியில் பதில் வந்தது. பால் விவரத்துக்கு நன்றி, அது தேவையில்லை. எங்கள் முந்தைய மின்னஞ்சலில் கேட்டபடி சேஸிஸ் நம்பரை அனுப்பவும்.

ஃபோல்டரைத் திறந்து அந்த முந்தைய மின்னஞ்சலைப் படித்தேன். அண்ணா வாங்கிய வரிசை வண்டிகளில், தொழிற்சாலையில் தரைப் பசை காய்வதற்கு முன்பே அலமாரிகளை ஏற்றிப் பூட்டிவிட்டார்கள். பின்பக்கம் தரை உப்பும். எல்லா வண்டிக்கும் இலவசமாக மாற்றித் தருகிறோம், நம்பர் மட்டும் அனுப்பவும். வந்து பதினேழு நாள் ஆகியிருந்தது.

கிரெய்க் என் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அப்ப அது வெயிட் டெஸ்ட் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

5. மாற்றிய தரை

கேரவன் வினைலை மாற்றுவது சுலபமில்லை. ஷீட்டை விரித்த பிறகுதான் அலமாரிகளை அதன்மேல் பூட்டுகிறார்கள். எனவே அலமாரி ஓரமாக வெட்டி, பழையதை உரித்து, பலகையைத் தேய்த்துப் புதுப் பசை தடவி ஒட்ட வேண்டும். உள்ளே ஹீட்டர் வைத்து இரண்டு நாள் காயவிட வேண்டும். இந்தமுறை காயும்வரை நான் யாரையும் ஏறவிடவில்லை. கிரெய்க்கைக்கூட. கட்டில் பக்கம் பழுது இல்லாததால் அதைத் தொடவில்லை.

வேலை வியாழக்கிழமை முடிந்தது. லீவு திங்களே தொடங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடம் காத்திருந்தவரின் மூன்று நாளை நான் அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துத் தொலைத்திருந்தேன். சாவியை வாங்கும்போது அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

இதில் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். புகார் வந்தால் முதலில் மீட்டரை எடுங்கள். காட்டுவதை அப்படியே எழுதுங்கள். தப்பு என்னுடையது என்று முடிவுகட்டிய பிறகு நான் ஒரு அளவும் எடுக்கவில்லை, ஒரு மின்னஞ்சலும் படிக்கவில்லை. பழியை என்மேல் போட்டுக்கொண்டதை நேர்மை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ராணி அக்கா குரல் செய்தி அனுப்பியிருந்தார்.

"தம்பி, நிலம் நல்லா இருக்கு, ஒரு குறையுமில்லை. ஆனா இஞ்ச வெயில் ஏற ஏற கட்டிலுக்குக் கீழயிருந்து ஒரு புளிச்ச பால் மணம் வருது. இவர் அது கங்காரு எண்டு சாதிக்கிறார். ஒருக்கா உங்கட மனேஜரைக் கேட்டுச் சொல்லுங்கோ, கிழக்குப் பக்கம் மணந்தா வாறண்டி இருக்கோ எண்டு."